மஞ்சள் காட்டுக் கருவிக்கு ஈஈப்ராமா, எஃப்ராமா?

கோபி_மஞ்சள்: வணக்கமுங்க. மஞ்சள் காட்டில் மண் ஈரம் பதிய ஒரு கருவி செய்கிறேன். ஏடிமெகா328பி (கருவியை இயக்கும் சிப்), இரண்டு ஏஏ செல். 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு, 8 பைட். சொட்டுநீர் மீட்டர் தண்ணீர் ஓட ஓடத் தரும் பல்ஸ் (மின் துடிப்பு) கணக்கும் சேர வேண்டும். சிப்புக்குள் இருக்கிற 1 கேபி ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத மெமரி) ஒரு நாளைக்கே பத்தாது. வெளியே எந்த மெமரி போடலாம்?

தோப்புக்காரன், பொள்ளாச்சி: 24 வரிசை ஈஈப்ராமே போதுமுங்க. 256 கிலோபிட் சிப்பில் 4,096 பதிவு, 28 நாளைக்கு வரும். நிறைந்ததும் முதலிலிருந்து வட்டமாக எழுதுங்கள். 8 பைட் எழுதினாலும் அது இருக்கும் 64 பைட் பக்கம் (சிப்பின் ஒரு தொகுதி) முழுக்கத் தேயும். அப்படிப் பார்த்தாலும் ஒரு சுற்றுக்கு எட்டே முறை, ஆயுளோ 10 லட்சம் முறை.

சோமனூர்_தறி: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு முறை எழுதவும் 5 மில்லிசெகண்ட் வரை, 3 மில்லிஆம்பியர் வரை எதற்கு? எஃப்ராமும் மின்சாரம் போனாலும் அழியாத மெமரிதான், அதில் எழுதக் காத்திருப்பே கிடையாது. தறிக்குப் பிக் (ஊடை இழை) எண்ணும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 150 பிக் வீதம் ஒரே இடத்தில் எழுதினால் ஈஈப்ராமின் 10 லட்சம் முறையும் 111 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எம்பி85ஆர்சி256வி எஃப்ராம் லட்சம் கோடி முறை தாங்கும்.

தோப்புக்காரன், பொள்ளாச்சி: தறிக்கு எஃப்ராம்தான், அதில் மறுபேச்சு இல்லை. கேட்டது காட்டுக்குத் தம்பி. 3 மில்லிஆம்பியரை 5 மில்லிசெகண்டால் பெருக்கி 600 நொடிக்குப் பங்கிட்டால் சராசரி 0.025 மைக்ரோஆம்பியர். வாட்ச்டாகை (தூக்கத்திலிருந்து எழுப்பும் டைமரை) ஓடவிட்டுத் தூங்கும் ஏடிமெகாவே சுமார் 4 மைக்ரோஆம்பியர் எடுக்கும். மாட்யூலில் எரியும் சிவப்பு எல்இடியை முதலில் கழற்றுங்கள், உண்மையான மிச்சம் அங்கேதான். இன்னொன்று, நீங்கள் சொன்ன எஃப்ராமுக்குக் குறைந்தது 2.7 வோல்ட் வேண்டும். இரண்டு ஏஏ செல் பாதி வடியும் முன்பே அதற்குக் கீழே போய்விடும். 24ஏஏ256 ஈஈப்ராம் 1.7 வோல்ட் வரை வேலை செய்யும்.

பவானிக்கரை: டபிள்யூ25க்யூ32 ஃப்ளாஷ் மெமரி 4 எம்பி இருக்கிறதே?

தோப்புக்காரன், பொள்ளாச்சி: 8 பைட்டை மாற்ற 4 கேபி அழிக்க வேண்டும். அதுவும் 2.7 வோல்ட் கேட்கும். இந்த வேலைக்கு வேண்டாமுங்க.

சோமனூர்_தறி: வோல்ட் பிரச்சினை சரிங்கண்ணா, மூன்று செல் போட்டால் தீர்ந்தது. பல்ஸ் கணக்குக்கு என்ன வழி? 10 நிமிடம் ரேமில் வைத்திருந்து செல் விட்டுப்போனால் அத்தனை தண்ணீரும் கணக்கில் வராது. முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. எஃப்ராம் என்றால் பல்ஸுக்குப் பல்ஸ் எழுதலாம்.

கோபி_மஞ்சள்: மீட்டர் 10 லிட்டருக்கு ஒரு பல்ஸ் தருகிறது. செல் மாற்றும்முன் அழுத்திச் சேமிக்க ஒரு பட்டன் வைத்து, 24ஏஏ256 போடலாம் என்று இருக்கிறேன்.

சோமனூர்_தறி: ஈரத்தில் செல் கிளிப் பச்சை பூத்துத் தொடர்பு விட்டால் பட்டனை யாருங்க அழுத்துவது? ஈஈப்ராம்தான் என்றால் பிரவுன்-அவுட்டையாவது (வோல்ட் குறைந்தால் சிப்பை நிறுத்திவைக்கும் வசதி) போட்டுவிடுங்கள், தூங்கும்போது மட்டும் அணைக்கலாம். மொத்தக் கணக்கை இரண்டு தனிப் பக்கங்களில் மாறி மாறிச் செக்சம்மோடு (பதிவு சரியா என்று பார்க்கும் சோதனை எண்) எழுதுங்கள். ஒன்று பாதியில் நின்றாலும் முந்தையது மிஞ்சும். என் ஓட்டு இப்போதும் எஃப்ராமுக்குத்தான்.