டிஎல்டி போடுறவங்க வேற டாக்டர்கிட்ட போனா என்ன சொல்றீங்க?

ஏஆர்டி சென்டர்ல (எச்ஐவி மருந்து தர்ற இடம்) கொடுக்கிற டிஎல்டியால எனக்குத் தொல்லை இல்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூணும் சேர்ந்த ஒரே எச்ஐவி மாத்திரைதான் டிஎல்டி. முன்னாடி எஃபாவிரென்ஸ்ங்கிற எச்ஐவி மருந்து கலந்த மாத்திரை போட்டப்போ தலைசுத்தல், விடிய விடிய கண்ட கனவு. இப்போ அதெல்லாம் போச்சு. சிக்கல் வேற வியாதிக்குப் போறப்போதான்.

போன மாசம் நெஞ்செரிச்சல். பக்கத்து கிளினிக் டாக்டர் மூணு வேளைக்கும் ரோஸ் கலர் ஆன்டாசிட் ஜெல் எழுதினார். பின்னாடியே எங்க தெருக்காரர் நிக்கிறார், வாயைத் திறக்க முடியலை. போன்ல இருந்த டிஎல்டி பாட்டில் போட்டோவை மட்டும் காட்டினேன். முகம் மாறாம சீட்டுல ஜெல்லை அடிச்சிட்டு பாண்டோபிரசோல்ங்கிற நெஞ்செரிச்சல் மாத்திரை எழுதினார். ஜெல்லில் இருக்கிற அலுமினியமும் மக்னீசியமும் டொலுடெக்ராவிரைப் பிடிச்சுக்கும், ரத்தத்தில் சேர விடாதாம். ஜெல் வேணும்னா டிஎல்டி போட்டு 2 மணி நேரம் கழிச்சுக் குடிக்கணும். முதல்ல ஜெல் குடிச்சிட்டா 6 மணி நேரம் கழிச்சுத்தான் டிஎல்டி. 2017 எச்ஐவி சட்டப்படி, கோர்ட் உத்தரவு இல்லாம, நமக்கு எச்ஐவி இருக்கான்னு சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா மருந்து எழுதுறவருக்கு மாத்திரை பேராவது தெரியணும்ங்கிறது என் கட்சி.

— தேனிக்காரன்

தம்பி, நான் மாசமா இருந்தப்போ இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை கொடுத்தாங்க. அதுவும் இப்படித்தான்னு கவுன்சிலர் அக்கா சொன்னாங்க. சாப்பாட்டோடன்னா அதை டிஎல்டியோட சேர்த்துப் போடலாம், வெறும் வயித்துல சேர்த்துப் போடக் கூடாது. பையனுக்கு 18 மாசத்துல எடுத்த டெஸ்ட்ல எச்ஐவி இல்லைன்னு வந்துது. மாமியாருக்கு இன்னும் விஷயம் தெரியாது. பாட்டில் குலுங்கினா சத்தம் கேட்கும்னு உள்ளே பஞ்சு வெச்சிருக்கேன். வேற டப்பால கொட்டி வைக்கிறதில்லை, ஈரம் பட்டா கெட்டுடும்.

— விழுப்புரம் அக்கா

2004ல தாம்பரம் ஆஸ்பத்திரியில எச்ஐவி மருந்து இலவசமா தர ஆரம்பிச்ச காலத்து ஆள் நான். அப்போ ரெண்டு வேளை மாத்திரை, அதுல இருந்த ஸ்டாவுடின் மருந்து புண்ணியத்தில் கன்னம் ஒட்டிப்போச்சு. இப்போ சுகரும் சேர்ந்துக்கிச்சு. டொலுடெக்ராவிரோட போட்டா சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் அளவு உடம்புல ஏறும்னு சுகர் டாக்டர் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல தர்றதில்லை. எங்க ஊர்ப் பையன் ஒருத்தனுக்கு டிபி வந்து ரிஃபாம்பிசின் மருந்து ஆரம்பிச்சாங்க; அது டொலுடெக்ராவிர் அளவைக் குறைச்சிடும்னு 12 மணி நேரம் தள்ளி இன்னொரு டொலுடெக்ராவிர் தனியாப் போடச் சொல்லியிருக்காங்க.

மூலிகை தர்றேன், டிஎல்டியை நிறுத்துன்னு வர்றவனை வாசலோட அனுப்புங்க. மஞ்சள் காமாலை பி வைரஸும் இருக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா கல்லீரல் வீங்கிடும், அதையும் அடக்கி வெச்சிருக்கிறது இதே டெனோஃபோவிரும் லாமிவுடினும்தான்.

— பழைய தாம்பரம்

ஐயா, நைட் டூட்டில ஒரு வேளை தவறிட்டா?

— தேனிக்காரன்

ஞாபகம் வந்ததும் போடுப்பா. அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லைன்னா விட்டுடு. ரெண்டாச் சேர்த்து மட்டும் போடாதே.

— பழைய தாம்பரம்