பட்டுக்கோட்டை வீடு: மலர் அக்கா புயலுக்குப் பின்னால போன காலை

(குழுவிலிருந்து எடுத்தது. நேரம் எல்லாம் நம்ம ஊர் நேரம். அக்கா வானிலை படிக்கும் நார்மன், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில். அங்கே அப்போது சாயங்காலம்.)

[4:36] அம்மா: எழுந்ததும் உன் லொகேஷனைத்தான் பார்த்தேன். நார்மனை விட்டு இவ்ளோ தூரத்துல எங்கடி இருக்க?

[4:37] மலர் அக்கா: கிளின்டன்மா. நார்மன்ல இருந்து மேற்க, ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. சீனியர் அக்கா ஓட்டுறாங்க, நான் பக்கத்துல உக்காந்து ராடார் பார்க்கிறேன். பின் சீட்டுல இன்னும் ரெண்டு பேர். எல்லாருமே வானிலைப் படிப்புதான்.

[4:37] அம்மா: அங்க மழையா

[4:38] மலர் அக்கா: எங்க தலைக்கு மேல நல்ல வெயில். மேற்க பாருங்க 👇
📷 படம்

[4:39] சித்தி: அய்யோ இது என்ன மலை மாதிரி

[4:39] மலர் அக்கா: ஒரே மேகம்தான் சித்தி. ராடார்ல உச்சி 50,000 அடிக்கு மேல காட்டுது. மத்தியானம் வரைக்கும் வானத்துல ஒண்ணுமே இல்ல தெரியுமா.

[4:40] நான்: அப்புறம் எப்படிக்கா திடீர்னு

[4:42] மலர் அக்கா: தெற்க மெக்சிகோ வளைகுடாவுல இருந்து ஈரக்காத்து நிலத்தை ஒட்டி வந்துக்கிட்டே இருக்கு. மெக்சிகோ மேட்டு நிலத்துல இருந்து வர்ற சூடான வறண்ட காத்து அதுக்கு மேல மூடி மாதிரி உக்காந்துடும். கீழ எவ்வளவு சூடானாலும் மேகம் கிளம்ப முடியாது. சாயங்காலம் டெக்சாஸ் எல்லைப் பக்கம் வறண்ட காத்து ஈரக்காத்தை மோதுற இடத்துல மூடி உடையும். உடைஞ்சா ஒரு மணி நேரத்துல இந்த உயரம்.
கீழ ஒரு திசையில காத்து, மேல வேற திசையில அதைவிட வேகமா காத்து. அதனால ஏறுற காத்தே திருகிக்கிட்டு ஏறும். அப்படி மொத்தமா சுத்துற மேகம்தான் சூப்பர்செல்.

[4:43] பெரியப்பா: ஆத்தா, இடி மழை வருதுன்னா மாட்டை அவுத்துக்கிட்டு வீட்டைப் பார்க்க ஓடுறதுதான் நமக்குத் தெரியும். நீ எதுக்கு அதைத் தேடிக்கிட்டுப் போற? அங்கதான் ஊருக்கு ஊர் ராடார் இருக்கே.

[4:46] மலர் அக்கா: நல்ல கேள்வி பெரியப்பா. ராடார் கதிர் நேரா போகும், பூமி வளைஞ்சிருக்கு. ராடார்ல இருந்து 100 கிலோமீட்டர் தள்ளிப் போனா கதிர் தரைக்கு மேல ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துல போயிட்டிருக்கும். டொர்னேடோ, அதான் மேகத்துல இருந்து இறங்குற சுழல்காத்து, தரையைத் தொடுறது அதுக்குக் கீழ. ராடார் மேல சுத்துதுன்னு சொல்லும், கீழ இறங்கிடுச்சான்னு அதுக்குத் தெரியாது. அதை ஒரு ஆள் கண்ணால பார்த்துச் சொல்லணும். பார்த்ததை உடனே வானிலை அலுவலகத்துக்குச் சொல்லிடுவோம். அவங்க எச்சரிக்கை விட்டு ஜனங்களுக்கு 10, 15 நிமிஷம் கிடைச்சாலே பெரிய விஷயம்.

[4:47] பெரியப்பா: 10 நிமிஷமா! கஜாவுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே சொன்னாங்களே

[4:48] மலர் அக்கா: கஜா நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலம், கடல்ல வரும்போதே சாட்டிலைட்ல தெரிஞ்சுது. இது பெரும்பாலும் சில நூறு அடி அகலம்தான் பெரியப்பா. ஒரு தெரு போயிடும், அடுத்த தெருவுல துணி கொடியிலயே காயும்.

[4:55] மலர் அக்கா: இப்ப கிளின்டனுக்கு வடக்க அரபஹோ தாண்டி நிக்கிறோம். புயல் ஹேமன் பக்கம், எங்களுக்கு மேற்க. சுத்தியும் கோதுமை, அறுப்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். கதிர் எல்லாம் புயலைப் பார்த்துச் சாயுது. காத்து எங்க முதுகுப் பக்கமிருந்து அதுக்குள்ள போகுது. முடி எல்லாம் முன்னால பறக்குது, சாப்பாட்டுப் பொட்டலத்தோட காகிதம் மேகத்தைப் பார்த்து ஓடிடுச்சு.

[4:56] அம்மா: மலர் வேண்டாம் கிளம்பு

[4:57] மலர் அக்கா: அம்மா கேளுங்க. இந்தப் புயல் எல்லாம் பெரும்பாலும் வடகிழக்கா போகும். நாங்க அதுக்குக் கிழக்க, கொஞ்சம் தெற்க ஒதுங்கி நிக்கிறோம். மழையும் ஆலங்கட்டிக் கல்லும் வடக்க, நாங்க நிக்கிற பக்கம் பார்வை தெளிவு. தெற்க போக தார் ரோடு காலியா இருக்கு. வண்டியை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தி வச்சிட்டுத்தான் இறங்கினோம்.

[4:58] நான்: அக்கா எல் ரீனோ? அதுவும் அந்தப் பக்கம்தானே

[5:01] மலர் அக்கா: ஆமாடா. வர்ற வழியில அதைத் தாண்டித்தான் வந்தோம். 2013 மே 31ல அங்க ஒரு டொர்னேடோ. அகலம் 2.6 மைல், 4 கிலோமீட்டருக்கு மேல. இதுவரைக்கும் அளந்ததுல அதுதான் பெரிசு. மழைக்குள்ள மறைஞ்சிருந்துச்சு, திடீர்னு திசை மாறி வேகமும் கூடிடுச்சு. புயலைத் துரத்தி ஆராய்ச்சி பண்ணின டிம் சமாராஸ், அவர் மகன் பால், கூட இருந்த கார்ல் யங், மூணு பேரும் அதுல மாட்டி இறந்துட்டாங்க.
சமாராஸ் வேடிக்கை பார்க்கப் போனவர் இல்ல. 2003ல தெற்கு டகோட்டாவுல டொர்னேடோ வர்ற வழியில கருவியை வச்சு, உள்ள காத்தழுத்தம் 100 மில்லிபார் இறங்குறதை அளந்து காட்டினவர். அவ்வளவு கவனமா இருந்தவரையே அது எடுத்துக்கிச்சு. அதனாலதான் மழைக்குள்ள இருக்கிற சுழலுக்குப் பக்கத்துல நாங்க போறதே இல்ல. கண்ணுக்குத் தெரியலன்னா விலகிடணும், அவ்வளவுதான்.

[5:02] அம்மா: இதை ஏன்டா இப்பக் கேட்ட

[5:03] மலர் அக்கா: அவன் கேட்டது சரிதான்மா. உங்ககிட்ட மறைச்சிட்டு இங்க வர நான் விரும்பல.

[5:11] மலர் அக்கா: மேகத்துக்கு அடியில ஒரு துண்டு இறங்கி நிக்குது. சுவர் மேகம். சுத்துறது கண்ணுக்கே தெரியுது. சீனியர் அக்கா அலுவலகத்துக்குப் போன் பண்ணிட்டு இருக்காங்க. அப்புறம் பேசுறேன்

[5:12] சித்தி: முருகா

[5:19] அம்மா: மலர்

[5:24] அம்மா: மலரு எங்க இருக்க

[5:25] நான்: அம்மா லொகேஷன் நகருது. கிழக்க 33ஆம் நம்பர் ரோட்டுல வந்துக்கிட்டு இருக்கா. பயப்படாதீங்க

[5:31] மலர் அக்கா: நல்லா இருக்கோம்மா. சிக்னல் இல்ல. சுவர் மேகம் ஒரு பத்து நிமிஷம் சுத்துச்சு, தரையைத் தொடல. பின்பக்கத்துல இருந்து குளிர்காத்து வந்து சுத்தி வளைச்சு அதை அறுத்துடுச்சு. சூப்பர்செல் பெரும்பாலும் டொர்னேடோ போடுறதில்ல. ஏன் ஒண்ணு போடுது, பக்கத்துல அதே மாதிரி இருக்கிற இன்னொண்ணு போடலன்னு இன்னும் யாராலயும் உறுதியா சொல்ல முடியல. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதுக்காகத்தான்.

[5:33] சித்தி: வண்டி மேல கல்லு விழுந்துச்சா

[5:36] மலர் அக்கா: ஓரத்துல கொஞ்சம் மாட்டினோம். முன் கண்ணாடியில ஒரு விரிசல், ஆளுக்கு ஒண்ணுமில்ல. நின்னதும் ஒண்ணை எடுத்து ஸ்கேல் வச்சு அளந்தேன். ரெண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. உடைச்சா உள்ள வெங்காயம் மாதிரி அடுக்கு, ஒரு அடுக்கு பால் வெள்ளை, ஒரு அடுக்கு கண்ணாடி. எம்பிங்னு ஒரு ஆப் இருக்கு, அதுல இடத்தோட பதிஞ்சாச்சு. 2010ல தெற்கு டகோட்டா விவியன்ல விழுந்தது 8 அங்குலம், முக்கால் கிலோவுக்கு மேல!
📷 படம்

[5:38] பெரியப்பா: ஆத்தா அந்தக் கோதுமை என்னாச்சு?

[5:41] மலர் அக்கா: கல் விழுந்த பட்டையில தண்டு மட்டும் நிக்குது பெரியப்பா. கதிர் எல்லாம் செம்மண் சேத்துக்குள்ள. வேலியோரமா ஒரு பெரியவர் வண்டியை நிறுத்திட்டு இறங்கி, ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில தேய்ச்சுப் பார்த்துட்டு நின்னாரு. எங்களைப் பார்த்து, காத்து இறங்குச்சான்னு கேட்டாரு. இல்லன்னோம். வீடு தப்பிச்சதுன்னு தலையை ஆட்டினாரு.

[5:43] பெரியப்பா: விதை, உரம், ஒரு வருஷ உழைப்பு... கஜா அன்னிக்குக் காலைல தோப்புல நானும் அப்படித்தான் நின்னேன். அவருக்கு இன்சூரன்ஸ் இருக்குமா?

[5:44] மலர் அக்கா: இங்க நிறைய பேர் பயிர் இன்சூரன்ஸ் போடுவாங்க பெரியப்பா. அவர் போட்டிருக்காரான்னு கேட்க மனசு வரல.

[5:46] அம்மா: போதும். இப்பவாவது வீட்டுக்குக் கிளம்புறீங்களா?

[5:50] மலர் அக்கா: கிளம்பறோம்மா. ஆனா மெதுவாத்தான் வருவோம். எனக்கு மேகத்தைவிட ராத்திரி ஈர ரோடுதான் பயம். 2022 ஏப்ரல்ல எங்க பல்கலைக்கழகத்துப் பசங்க மூணு பேர் கான்சாஸ்ல புயல் பார்த்துட்டுத் திரும்பும்போது ஹைவேல வண்டி வழுக்கி லாரி மோதி இறந்துட்டாங்க. இதே துறையில படிச்சவங்க. அதனால வழியில வெதர்ஃபோர்டுல நிறுத்தி, சாப்பிட்டு, ஓட்டுற ஆளை மாத்திக்குவோம். தூக்கம் வந்தா அங்கயே ரூம் போட்டுடுவோம்.

[5:51] அம்மா: ரூம் போடு. காசு நான் அனுப்புறேன். ராத்திரில வராத

[5:52] மலர் அக்கா: சரிம்மா. போட்டுடறோம்.

[5:54] மலர் அக்கா: பெரியப்பா, ஒண்ணு சொல்லணும். அங்கயும் சாயங்காலம் இடி மழைன்னு தம்பி சொன்னான். நம்ம ஊர்ல இதுலயே பெரிய ஆபத்து மின்னல்தான். இடி காதுல விழுந்தாலே மின்னல் எட்டுற தூரத்துல இருக்கோம்னு அர்த்தம். தென்னைக்கு அடியில யாரும் ஒதுங்க வேண்டாம். காங்கிரீட் கட்டடத்துக்குள்ளயோ, கதவு மூடின கார்லயோ போயிடணும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகுற வரைக்கும் வெளிய வரக் கூடாது. புனேவுல இருக்கிற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தோட தாமினி ஆப் இருக்கு, பக்கத்துல மின்னல் வந்தா சொல்லும். தம்பி, பெரியப்பா போன்ல போட்டுக் குடு.

[5:55] நான்: இன்னிக்கே போட்டுடறேன்க்கா

[5:58] பெரியப்பா: சரி ஆத்தா. இன்னிக்குத் தேங்கா வெட்டுற ஆளுங்க வராங்க, மழைன்னா மரத்தடியிலதான் ஒதுங்குவாங்க. நம்ம மோட்டார் கொட்டாய் தகரம், அது ஆகாது. பள்ளிக்கூடக் கட்டடம் பக்கத்துலதான், லீவுதானே, சாவியை வாங்கி வச்சிடுறேன்.