புதுப்பிப்பு: முன்பக்க டிரோலிங் மோட்டாரின் ஆட்டம் நின்றது, இழுவையும் திரும்பியது

14 அடி அலுமினியப் படகின் முனையில் 12 வோல்ட், 55 பவுண்டு இழுவிசை கொண்ட டிரோலிங் மோட்டார் (மீன்பிடிக்கும்போது படகை மெதுவாகச் செலுத்தும் மின் மோட்டார்); தாங்கி ஆடுகிறது, முழு வேகத்தில் இழுவை போதவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆட்டத்தை நிறுத்தியது, திருகாணியை விட்டுவிட்டு அடியில் தகடு கொடுத்து போல்ட் போடச் சொன்ன யோசனைதான். பழைய துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருந்தன. மெல்லிய தளத்தில் மரை பிடிக்க இடமே இல்லை. இப்போது கால் அங்குல ஸ்டெயின்லெஸ் போல்ட் ஆறு, தளத்துக்கு அடியில் 6 மி.மீ. அலுமினியத் தகடு, நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் அதிர்வில் தளராத நட்). பதப்படுத்திய பிளைவுட் வைப்பதாக இருந்தேன். அதைப் பதப்படுத்தும் மருந்திலுள்ள செம்பு அலுமினியத்தை அரிக்கும் என்று ஒருவர் தடுத்தது பேருதவி.

இழுவைக் குறைவுக்குக் காரணம் வயர். பேட்டரி பின்பக்கம் இருப்பதால் போக வர 8 மீட்டர். 6 சதுர மி.மீ. வயரில் 50 ஆம்பியர் ஓடினால் சுமார் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ.க்கு மாற்றியதும் இழப்பு அரை வோல்ட்டுக்குள் வந்துவிட்டது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி, மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் 60 ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறது.

எதிர்பாராத ஒன்று: மின் துரப்பணத்தால் வேகமாக முடுக்கியதில் ஒரு ஸ்டெயின்லெஸ் நட் பாதியில் இறுகிப்போய், முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றது. போல்ட்டை அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. மற்றவற்றுக்கு மரையில் ஆன்டி-சீஸ் (உலோகங்கள் ஒன்றோடொன்று இறுகாமல் தடுக்கும் பசை) தடவி, கை ஸ்பானரால் மெதுவாக முடுக்கினேன்; எதுவும் சிக்கவில்லை.