அயல்நாட்டில் வந்தது பக்தியா, ஊர் ஏக்கமா?

தல்லாகுளத்தான்:
டார்ட்மண்டில் இரண்டு வருடம் முதுகலை படித்துவிட்டுப் போன மாதம்தான் மதுரை திரும்பினேன். நெற்றியில் திருநீற்றைப் பார்த்த பள்ளித் தோழன், "நீ போனது ஜெர்மனிக்கா, காசிக்கா?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை எங்கள் தெருமுனையில் நடக்கும். கூட்டம் பார்க்கப் போவேனே தவிர, சாமியை நிமிர்ந்து பார்த்த நினைவுகூட இல்லை. டார்ட்மண்ட் போன முதல் வாரம், குடியிருப்பைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் மதத்துக்கு ஒரு கட்டம். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று எழுதுகிறவர்கள் சம்பாதிக்கும்போது வருமான வரியில் 9 சதவீதத்தைத் தேவாலய வரியாகக் கூடுதலாகக் கட்ட வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்த வரி கிடையாது. ஆனாலும் பேனா நின்றுவிட்டது. பள்ளிச் சான்றிதழில் யாரோ எழுதி வைத்ததை என் கையால் எழுத வேண்டியிருந்தது அன்றுதான்.

அந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது அங்கே இரவு இரண்டரை மணி. கைபேசியில் பார்த்தேன். அம்மா கட்டிக் கொடுத்த கற்பூரத்தை விடுதி அறையில் ஏற்ற முடியாது, புகை பட்டால் கூரையில் இருக்கும் கருவி அலறிவிடும். பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தேன். அழுதுவிட்டேன். பிறகுதான் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலுக்குப் போகத் தொடங்கினேன். ஈழத் தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்கு கண்ட கோவில். தொழிற்பேட்டைக்கு நடுவே கோபுரம் நிற்கிறது. "எவ்விடம் தம்பி?" என்று கேட்ட ஒரு பாட்டி, மதுரை என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இது பக்தி இல்லையென்றால் வேறென்ன?

ஒத்தக்கடைக்காரி:
ஊர் ஏக்கம் தம்பி, வேறொன்றுமில்லை. பாட்டி கையைப் பிடித்தது உங்களை, அம்பாளை அல்ல. அதே பாட்டி இட்லிக் கடையில் பிடித்திருந்தாலும் அழுதிருப்பீர்கள்.

நான் பிரான்சில் படித்தேன். அங்கே அரசையும் மதத்தையும் பிரித்து வைத்தது 1905-ஆம் வருடச் சட்டம். எந்தப் படிவமும் என்னை மதம் கேட்கவில்லை, அதற்காக நான் எதையும் இழக்கவும் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். மீனாட்சி கோவிலுக்குள் எங்கள் ஆட்கள் காலெடுத்து வைக்க வழி பிறந்தது 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர், கக்கன் முதலானோர் நுழைந்த பிறகுதான். என் கொள்ளுத்தாத்தா அதற்கு முன் கோபுரத்தை வெளியே நின்று பார்த்தவர். "நம் பண்பாடு" என்று நீங்கள் உருகும்போது அந்த "நம்"மில் அவரும் உண்டா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அம்மா, நீங்கள் சொல்வது வரலாறு, மறுக்க மாட்டேன். ஆனால் பண்பாட்டையும் நம்பிக்கையையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள். 1606-இல் இதே மதுரைக்கு வந்தார் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் நொபிலி. காவி உடுத்தினார், புலால் விட்டார், தமிழும் வடமொழியும் கற்றார். சொந்தச் சபையாரே புகார் கொடுத்தார்கள்; 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவர் முறையை அனுமதித்தார். உடை மாறியது, உணவு மாறியது, சாமி மாறவில்லை. தம்பி மட்டும் அங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு கும்பிடக்கூடாதா?

ஒத்தக்கடைக்காரி:
நல்ல ஆளைப் பிடித்தீர்கள் ஐயா! தாழ்ந்தவர்களாகக் கருதப்பட்ட பரங்கிகளில் தாம் ஒருவர் அல்லர் என்று சொல்லிக்கொண்டு, மதுரையில் ஏற்கெனவே இருந்த பாதிரியாரிடமிருந்து விலகி வாழ்ந்தவர் நொபிலி. காவியோடு தீண்டாமையையும் சேர்த்தே உடுத்திக்கொண்டார். மூட்டையைக் கட்டியது நானல்ல. தவிர, அவர் தம் சாமியைக் கையோடு கொண்டுவந்தார். தம்பியோ கற்பூரத்தை மட்டும்தான் கொண்டுபோனார்.

தல்லாகுளத்தான்:
அக்கா, கொள்ளுத்தாத்தா பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. படிவத்தில் அந்த ஒரு சொல்லை எழுதியபோது அவரை நான் நினைக்கவில்லை, உண்மை.

ஏக்கம் என்கிறீர்கள். ஏக்கமாக இருந்தால் ஊர் வந்ததும் தீர்ந்திருக்க வேண்டுமே? வந்த அன்றே அம்மா கையால் சாப்பிட்டேன், வைகைப் பாலத்தில் நடந்தேன், தெருவில் எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. இன்னும் காலையில் தன்னாலே எழுந்து விளக்கேற்றுகிறேன். வீட்டில் யாரும் சொல்லவில்லை. அம்மாவே கொஞ்சம் பயந்துபோயிருக்கிறார்.

ஒத்தக்கடைக்காரி:
ஒரு மாதம்தானே ஆகிறது. வேலை கிடைத்துப் பெங்களூர் போன பிறகு வந்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பெங்களூரிலும் கற்பூரம் கிடைக்கும்.

ஒத்தக்கடைக்காரி:
கிடைக்கும் ஐயா. அங்கே புகைக் கருவி அலறாது, ஏற்றத் தடையும் இல்லை. அப்போதும் ஏற்றுகிறாரா என்றுதான் நான் பார்க்க வேண்டும்.