புதுப்பிப்பு: மணியோட பூம்பாறை போயிட்டு வந்தாச்சு

போன மாசம் நம்ம நாய் மணியையும் கூட்டிட்டு கொடைக்கானல் பக்கம் பூம்பாறை போகலாமான்னு கேட்டிருந்தேன்ல, போயிட்டு வந்துட்டோம். காலைல சோறு வைக்காம கிளம்புங்கன்னு சொன்னவங்களுக்கு ரொம்ப நன்றி, வத்தலக்குண்டு தாண்டி அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் ஒரு தடவை கூட வாந்தி எடுக்கல.

ஆனா யாருமே சொல்லாத ஒண்ணு, பூண்டு! 2019ல புவிசார் குறியீடு வாங்குன மலைப்பூண்டு ஊருங்க இது, ஒரு வீட்டு வாசல்ல தண்டோட கட்டுக்கட்டா காயப்போட்டிருந்தாங்க, மணி நேரா போய் ஒரு பல்லை வாய்ல கவ்விட்டான், எனக்கு உயிரே போயிடுச்சு, ஏன்னா நாய்க்குப் பூண்டு விஷம், ரத்த சிவப்பணுவையே உடைச்சிடும். விரலை விட்டு முழுசா எடுத்துட்டேன். அந்த வீட்டுப் பாட்டி, "பிள்ளைய கயித்துல புடிச்சுக்க சாமி"ன்னு சொல்லிட்டு பூண்டுக் கட்டுகளையெல்லாம் திண்ணை மேல தூக்கி வச்சாங்க.

குழந்தை வேலப்பர் கோயிலுக்கு நானும் அவரும் மாறி மாறித்தான் போனோம், ஒருத்தர் வெளிய மணியோட நின்னுக்கிட்டோம். அங்கருந்து பாக்கறப்ப படிப்படியா இறங்குற வயல், அதுக்கு மேல மெல்ல ஏறி வர்ற மூடுபனி, அப்படி ஒரு அழகு! சாயங்காலத்துக்கு மேல மட்டும் நாயை அவுத்து விட்றாதீங்க, காட்டெருமை நடமாட்டம் இருக்கு.