எக்ஸ்பயரி ஆன சாக்குப்பையும் வாசலுக்கு வந்த கரடியும்: மலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து:

போன மாதம் எங்கள் வீட்டில் நடந்தது. எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. கோத்தகிரிப் பக்கத்து ஆட்களுக்குக் கரடி புதுசு இல்லை. கோயிலில் விளக்குக்கு வைத்த எண்ணெயைத் தேடி வரும், பேக்கரிக் கதவைப் பிராண்டும். ஆனால் அதை நானே வாசலுக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் லீவுக்கு வந்திருந்தாள். வந்ததும் சமையலறை அலமாரியை ஒழுங்குபண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துத் தேதியைப் பார்த்து, "அம்மா, இதுவும் எக்ஸ்பயரி, இதுவும் எக்ஸ்பயரி" என்று சாக்குக்குள் போட்டுக்கொண்டே வந்தாள். ரவை, மைதா, சேமியா, மசாலாப் பொடிகள், பிஸ்கட், கால் பாட்டில் நெய், அடியில் உறைந்துபோன தேன், பூசணம் பிடித்த ஒரு ஊறுகாய், பேத்தி வந்தபோது திறந்து வைத்த பால் பவுடர் டப்பா. நானும் சரி என்று விட்டுவிட்டேன். படித்த பிள்ளை சொல்கிறாள், தேதி வேறு அச்சிலேயே இருக்கிறது. பச்சைத் தேயிலை நிறுக்கும் தராசில் மாட்டிப் பார்த்தால் 9 கிலோ இருந்தது. காலையில் குப்பை வண்டி வருமே என்று திண்ணைக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தோம்.

ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டில் உருளும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கரடி உட்கார்ந்துகொண்டு நெய் பாட்டிலை நக்குகிறது. லைட்டைப் போட்டோம், தட்டைத் தட்டினோம். தலையைத் தூக்கிப் பார்த்ததே தவிர நகரவில்லை. முக்கால் மணி நேரம் இருந்து எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் போனது. என் மாமனாருக்கு 78 வயது. தினமும் நான்கு மணிக்கு எழுந்து வெளியில் இருக்கும் கழிப்பறைக்குப் போவார். இரண்டு மணிக்கு வந்த கரடி நான்கு மணிக்கு வந்திருந்தால்? அதை நினைத்தால் இன்னமும் எனக்குக் கை நடுங்குகிறது.

விடிந்ததும் கிழிந்த பாக்கெட்டுகளைப் பொறுக்கும்போதுதான் ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படித்தேன். ரவையில் 'பெஸ்ட் பிஃபோர்' என்று போட்டு ஆறு மாதக் கணக்கு. அது தாண்டிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வண்டு இல்லை, புழு இல்லை, சிக்கு வாடை இல்லை. சேமியாவும் அப்படியே. மசாலாப் பொடியில் மணம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். தேன் கெட்டுப்போகவே இல்லை, குளிருக்கு உறைந்திருந்தது. வெந்நீரில் பாட்டிலை வைத்திருந்தால் இளகியிருக்கும். 9 கிலோவில் நிஜமாகவே எறிய வேண்டியது பால் பவுடரும் ஊறுகாயும் மட்டும்தான். இரண்டும் சேர்த்து ஒரு கிலோ தேறுமா என்பதே சந்தேகம்.

'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அந்த நாள் வரைக்கும் ருசி, மணம், மொறுமொறுப்பு எல்லாம் செய்தபடியே இருக்கும் என்று செய்தவர் தரும் வாக்கு. அதற்குப் பிறகும் பொருள் நன்றாகவே இருக்கலாம். 'யூஸ் பை', 'எக்ஸ்பயரி' இரண்டும் வேறு. அந்த நாளுக்கு மேல் அதன் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் உத்தரவாதம் இல்லை, விற்கவும் கூடாது. என் மகள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் 'எக்ஸ்பயரி' என்றாள். இத்தனை வருஷம் சமைக்கிறேன், எனக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவு வீணாதல் அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு குப்பைக்குப் போவதாகக் கணக்குச் சொல்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சாக்குதான் கண்ணுக்குள் வந்தது. கீழே சமவெளியில் எறிந்தால் நாய் தின்னும், மாடு தின்னும். இங்கே எறிந்தால் யார் வருவார்கள் என்று நமக்குத் தெரியும். உங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள்?

உதகையிலிருந்து, மளிகைக்கடை வைத்திருப்பவர்:

அம்மா, நல்லவேளை பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறேன், நீங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்.

உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2020 லேபிள் விதிமுறைகளில் தயாரித்த அல்லது பாக்கெட் போட்ட தேதியும் 'எக்ஸ்பயரி' அல்லது 'யூஸ் பை' தேதியும் கட்டாயம். 'பெஸ்ட் பிஃபோர்' கூடுதலாக வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். அதனால் இப்போது ரவைக்கும் எக்ஸ்பயரி, பன்னீருக்கும் எக்ஸ்பயரி என்று ஒரே சொல் வருகிறது. கடையில் எனக்கு இரண்டும் ஒன்றுதான். தேதி தாண்டினால் விற்க மாட்டேன், ஏஜென்ட்டிடம் திருப்பிவிடுவேன். வீட்டில் இருப்பவர் சொல்லை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே இருப்பது காய்ந்த பொருளா ஈரப் பொருளா என்றும் பார்க்க வேண்டும். காய்ந்த பொருள் மெதுவாகத்தான் தரம் இழக்கும். பால், பன்னீர், இறைச்சி நமக்கு அவகாசம் தராது. முழுக் காய்கறி, பழம், சர்க்கரை, வினிகர் மாதிரிப் பொருளுக்கு எக்ஸ்பயரி தேதியே கட்டாயம் இல்லை.

அடுத்தது உப்பிய பாக்கெட். மேட்டுப்பாளையத்தில் லாரியில் ஏற்றும்போது சாதாரணமாக இருக்கும் சிப்ஸ் பாக்கெட் இங்கே இறங்கும்போது பலூன் மாதிரி நிற்கும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் குறைவு. பாக்கெட்டுக்குள் அடைத்த காற்று விரிகிறது, அவ்வளவுதான். புதிதாகக் குடிவந்த ஒருவர் நான்கு பாக்கெட்டைக் கெட்டுப்போனது என்று கொண்டுவந்து வீசிவிட்டுப் போனார். சிப்ஸ் உப்பினால் பயப்பட வேண்டாம். ஆனால் டின், இட்லி மாவு, பன்னீர், பால் பாக்கெட் உப்பியிருந்தால் அது மலையின் வேலை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே கிருமி வாயு விட்டிருக்கலாம். தேதி மிச்சம் இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். முக்கியமாக உப்பிய டின்னைத் திறந்துகூடப் பார்க்கக் கூடாது.

புதுச் சரக்கைப் பின்னால் வைத்துப் பழசை முன்னால் தள்ளுவது கடையில் தினசரி வேலை. வீட்டு அலமாரிக்கும் அதுவே போதும். முக்கால்வாசி வீணாவது பின்வரிசையில் மறந்துபோன பாக்கெட்தான்.

குன்னூரிலிருந்து:

அண்ணா, ஒரு சந்தேகம். வீட்டுத் தயாரிப்பு சாக்லேட் கால் கிலோ வாங்கி வைத்தேன். மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூசணமா? பையில் தேதியே இல்லை.

உதகையிலிருந்து, மளிகைக்கடை வைத்திருப்பவர்:

தங்கச்சி, பொடி மாதிரிச் சீராகப் படர்ந்திருந்தால் அது கொழுப்பு மேலே வந்தது. வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டால் அப்படி ஆகும். சாப்பிடலாம், வாயில் கரைவது மட்டும் முன்போல இருக்காது. பஞ்சு மாதிரி முடிமுடியாக இருந்தாலோ மக்கிய வாடை வந்தாலோ வேண்டாம். பாக்கெட் போட்டு விற்றால் தேதி போடத்தான் வேண்டும். அடுத்த தடவை கேட்டு வாங்குங்கள். கேட்கக் கேட்கத்தான் போடுவார்கள்.

கூடலூரிலிருந்து:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். தேதி தாண்டினாலும் பார்த்து, முகர்ந்து சாப்பிடலாம் என்று படித்துவிட்டு யாராவது பன்னீரையும் முகர்ந்து பார்த்துச் சமைத்துவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது.

எங்கள் பக்கம் ஜூன், ஜூலை மழையில் கம்பி மேல் மரம் விழுந்தால் கரண்டு ஒரு நாள் முழுக்க வராது. இரண்டு வருஷத்துக்கு முன் அப்படிப் போய்த் திரும்பிய மறுநாள், ஃபிரிட்ஜில் இருந்த பன்னீரை எடுத்துப் பார்த்தேன். தேதி இன்னும் ஐந்து நாள் இருந்தது. வாடையும் இல்லை. குருமா வைத்தேன். மகனுக்கு நான்கு வயது. அன்று ராத்திரி வாந்தி ஆரம்பித்து விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும்படி ஆனது. டாக்டர் முதலில் கேட்டது "கரண்டு எத்தனை மணி நேரம் இல்லை?" என்றுதான்.

தேதிக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் '5 டிகிரிக்குக் கீழே வைக்கவும்' மாதிரி ஒரு வரி இருக்கும். தேதி அந்த வரியை நம்பித்தான் போடப்படுகிறது. குளிர் விட்டுப்போனால் அந்தத் தேதிக்கு அர்த்தம் இல்லை. பாக்கெட்டைத் திறந்தாலும் இல்லை. நோய் உண்டாக்கும் கிருமி எல்லாம் நாற்றம் காட்டாது. குழந்தைக்கான பால் பவுடர், அங்கன்வாடி சத்துமாவு, கர்ப்பிணிக்குக் கொடுப்பது இவற்றில் ஒரு நாள்கூடச் சலுகை வேண்டாம். கோத்தகிரி அக்கா பால் பவுடரை எறிந்தது நூற்றுக்கு நூறு சரி. அதே மாதிரி தேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு வயது ஆகாத குழந்தை நாக்கில் தடவக் கூடாது.

இப்போது கரண்டு போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறப்பதே இல்லை. நான்கு மணி நேரம் தாண்டினால் பால், பன்னீர், மீன், கறி போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். அந்த வீணுக்கு நான் வருத்தப்படுவதில்லை. மழைக்காலத்தில் அவற்றைச் சேர்த்து வாங்குவதை நிறுத்தினேன். அதில்தான் மிச்சம் பிடித்தேன்.

கொடைக்கானலிலிருந்து, ஹோம்ஸ்டே சமையல்:

எங்கள் ஊரில் கரடிக்குப் பதில் காட்டெருமை. ராத்திரியில் தெருவுக்குள் வந்து குப்பையைக் கிளறும். சாப்பாட்டு வாடை ஒட்டிய பிளாஸ்டிக் பையையும் சேர்த்து விழுங்கிவிடும். அதனால் எங்கள் சமையலறையில் என்ன வெளியே போகிறது என்பதை நான்தான் பார்ப்பேன்.

சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் மூன்று நாளைக்கு ஏழு நாள் சாமான் வாங்குவார்கள். போகும்போது அரை பிரெட், பாதி ஜாம், சீஸ், முட்டை எல்லாம் மேஜையில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மொத்தமாக எறியச் சொல்வார்கள், எறிவேன். அரிசி விலை தெரிந்த எனக்கு அது பெரிய வேதனை. இப்போது ஒரு பேனாவும் ஒட்டுத்தாளும் வைத்திருக்கிறேன். எதைத் திறந்தாலும் திறந்த தேதியை எழுதி ஒட்டுவேன். அச்சடித்த தேதியைவிட எனக்கு உதவுவது அதுதான்.

பிரெட்டில் ஒரு மூலையில் பூசணம் தெரிந்தாலும் முழுசையும் விட்டுவிட வேண்டும், வேர் உள்ளே போயிருக்கும். கெட்டியான சீஸ் கட்டி என்றால் பூசணம் உள்ள இடத்தைச் சுற்றி ஒரு அங்குலம் ஆழமாக வெட்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவேன். மிருதுவான சீஸுக்கு இது ஆகாது. முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். படுத்தால் புதுசு, நிமிர்ந்தால் பழசு, மிதந்தால் தொடுவதில்லை. மலைப்பூண்டு முளை விட்டால் அப்படியே குழம்புக்குப் போகும். உருளைக்கிழங்கு பச்சை பிடித்திருந்தால் மட்டும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எறிவேன், அந்தக் கசப்பு விஷம்.

இன்னொன்று. நாங்கள் 'மலைக் குளிரே ஃபிரிட்ஜ்தான்' என்று சொல்லிக்கொண்டு பாலை ஜன்னல் ஓரத்தில் வைப்போம். ஜனவரி ராத்திரிக்கு அது சரி. அதே ஜன்னலில் மதியம் வெயில் அடிக்கும். அப்படிப் பால் திரிந்து திரிந்து போனது எத்தனையோ நாள். இட்லி மாவுக்கு மட்டும் குளிர் நல்லது. ஆட்டி வைத்தால் பொங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஆனால் புளித்துக் கொட்டியது என்பதே கிடையாது.

பழனியிலிருந்து யாராவது பஞ்சாமிர்தம் கொண்டுவந்து தந்தால் டின்னைத் திறந்த அன்றே பக்கத்து வீடுகளுக்குப் பங்கு போட்டுவிடுவேன். ஈரக் கரண்டி போகாமல் பார்த்துக்கொள்வதைவிட அது சுலபம், பிரசாதம் வீணாகாது.

கோத்தகிரியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. கூடலூர் தங்கச்சி, தம்பி இப்போது நலமா? நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு ஃபிரிட்ஜ் சாமானை நான் முகர்ந்து முடிவு செய்வதில்லை. அலமாரி சாமானுக்குத்தான் நிதானம்.

மகளிடம் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். ஊருக்குப் போகும் முன் அலமாரியில் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரித்து, இந்த மாதம் தீர வேண்டியவற்றையெல்லாம் கண் மட்டத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தீர வேண்டிய ரவை இன்று கிச்சடி ஆனது. குப்பை வண்டி வரும் மணி கேட்ட பிறகுதான் இப்போது பையை வெளியே எடுக்கிறேன்.

அது நேற்று ராத்திரியும் வந்தது. சாக்கு இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தது. ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை, தேயிலைக்குள் இறங்கிவிட்டது. மாமனாருக்கு உள்ளேயே கழிப்பறை கட்ட மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறோம்.