55 இன்ச் டிவி வாங்கப் போறேன், பழைய 5.1 ஹோம் தியேட்டரை வெச்சுக்கலாமா?

காவிரிக்கரை (கேள்வி)

ஹாலில் இருப்பது 2010இல் வாங்கிய 40 இன்ச் ஃபுல் எச்டி எல்சிடி. ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுது, மாத்தியே ஆகணும். கூட இருப்பது அதே காலத்து டிவிடி 5.1 ஹோம் தியேட்டர்: ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், அட்டைப் பெட்டியில் 1000 வாட்னு போட்டிருந்தது. பின்னால் ஒரு ஆப்டிகல் இன் (ஒலியை வெளிச்சமா அனுப்பும் கேபிளுக்கு), ஒரு ஆக்ஸ் இன் (சாதாரண ஆடியோ வயருக்கு), ஒரு எச்டிஎம்ஐ அவுட். சத்தத்தில் குறை இல்லை.

ஹால் 12க்கு 15 அடி. சோபாவிலிருந்து டிவி 9 அடி. பார்ப்பது கேபிள் செட்டாப் பாக்ஸ், ஓடிடி, பென் டிரைவ் படங்கள். கடையில் சவுண்ட்பாரும் சேர்த்து எடுக்கச் சொல்றாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர், புது ஏவி ரிசீவர் (ஒலியைப் பிரிச்சு ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப் பெட்டி) மட்டும் வாங்கி இதே ஸ்பீக்கர்களை மாட்டிக்கோங்கறார். எது சரி? செட்டாப் பாக்ஸை ஆக்ஸில் கொடுத்தா எப்பவும் ஒரு உறுமல் வேற கேட்குது.

ஒலிப்பெட்டி

முதலில் டிவியை மட்டும் மாற்றுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

9 அடிக்கு 55 இன்ச் கொஞ்சம் சின்னதுதான். திரையின் மூலைவிட்ட அளவை 1.6ஆல் பெருக்கினால் வருவது ஏற்ற தூரம், 55க்கு 7.3 அடி, 65க்கு 8.7 அடி. ஓடிடி அதிகம் பார்த்தால் 65 எடுங்கள். கேபிளில் வரும் எச்டி அல்லாத சேனல்கள்தான் அதிகம் ஓடும் வீடு என்றால் 55 போதும், பெரிய திரையில் அவை கலங்கித் தெரியும். விலை கேட்கும்போது ஒன்று: 32 இன்ச்சுக்கு மேலான டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இணைப்பு இப்படி: செட்டாப் பாக்ஸ், பென் டிரைவ் எல்லாம் நேரே டிவிக்கு. டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஹோம் தியேட்டரின் ஆப்டிகல் இன்னுக்கு ஒரே ஒரு கேபிள். எச்டிஎம்ஐயில் டிவியின் சத்தம் திரும்பி வர ஏஆர்சி வேண்டும். அது எச்டிஎம்ஐ 1.4இல், 2009இல்தான் வந்தது. உங்கள் பெட்டியின் எச்டிஎம்ஐ அவுட்டுக்குப் பக்கத்தில் ஏஆர்சி என்று அச்சடித்திருக்காவிட்டால் அந்த வழியை மறந்துவிடுங்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் இதற்கு அப்புறம் வருகிறது. டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் பிசிஎம்மில் (சுருக்காத ஒலி) இருந்தால் ஸ்டீரியோ மட்டும்தான் போகும், பின் ஸ்பீக்கர்கள் சும்மா இருக்கும். பாஸ்த்ரூவில் (வந்த ஒலியை அப்படியே அனுப்புவது) வைத்தாலும் சிக்கல்: ஓடிடி அனுப்புவது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற ஒலி வடிவம், அதை ஆப்டிகல் தாங்காது. டால்பி டிஜிட்டல் என்று நேரடியாக ஒரு தேர்வு இருந்தால் அதையே வையுங்கள், இல்லையென்றால் ஆட்டோ. டிவி அதைச் சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1ஆக மாற்றி அனுப்பும். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் கேட்கும் ஒலி) கிடைக்காது. ஐந்து சின்ன ஸ்பீக்கரில் அது இல்லாதது ஒரு நஷ்டமே இல்லை.

கேபிள் மாட்டியும் சத்தமே வரவில்லையா? ஆப்டிகல் முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். டிவி ஓடும்போது மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும்.

ஈயப்பற்று

மேலே சொன்னது சரி. அந்த ஏவி ரிசீவர் யோசனையை மட்டும் காதில் வாங்காதீங்க. ஸ்பீக்கர் முதுகில் எத்தனை ஓம்னு (மின் தடை அளவு) போட்டிருக்கு? சப்வூஃபருக்குத் தனியா கரண்ட் பிளக் இருக்கா?

காவிரிக்கரை

பார்த்தேன் சார். எல்லாத்திலும் 3 ஓம். சப்வூஃபருக்கு பிளக் இல்லை, மெயின் பெட்டியிலிருந்து ரெண்டு வயர்தான் போகுது.

ஈயப்பற்று

நினைச்சதுதான். டப்பா செட்டுகளில் 3 ஓம் வைக்கிறதே குறைஞ்ச வோல்டேஜ்ல பெரிய வாட் கணக்குக் காட்டத்தான். அந்த 1000 வாட்டும் பெரும்பாலும் 10 சதவீத டிஸ்டார்ஷன்ல (ஒலிச் சிதைவு) எடுத்த கணக்கு. சாதாரண ஏவி ரிசீவர் 6 ஓமுக்குக் குறையக் கூடாதுன்னு பின்னாடியே எழுதியிருக்கும். அதில் 3 ஓம் மாட்டினா கரண்ட் ரெண்டு மடங்கு இழுக்கும். சத்தம் ஏத்தினதும் புரொடெக்ஷனுக்குப் போய் அணையும், அப்படியே ஓட்டினா அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிடும். மெனுவில் 4 ஓம் செட்டிங் இருக்கேன்னு சிலர் கேப்பாங்க. அது வோல்டேஜைக் குறைச்சுச் சூட்டைக் கட்டுப்படுத்துது, அவ்வளவுதான். 3 ஓமுக்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

சப்வூஃபர் அதைவிடச் சிக்கல். ரிசீவரின் சப் அவுட்ல வர்றது வெறும் லைன் லெவல் சிக்னல், உள்ளேயே ஆம்ப் இருக்கிற ஆக்டிவ் சப்புக்கானது. உங்க சப்பை அதில் மாட்டினா கொசு சத்தம்கூட வராது.

அதனால பெட்டியும் ஸ்பீக்கரும் ஒரு ஜோடி. பெட்டி சாகிற வரைக்கும் ஆப்டிகல்ல ஓட்டுங்க. அப்புறம் மொத்தமா மாத்துங்க, ஆனா ஒரே மாசத்தில் எல்லாம் வாங்கணும்னு இல்லை. முதல்ல இஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) உள்ள 5.2 ரிசீவர் (ரெண்டு சப் மாட்டலாம்), 6 அல்லது 8 ஓம் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அடுத்து 10 இன்ச் ஆக்டிவ் சப், கிராஸ்ஓவர் (இதுக்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போகும்) 80 ஹெர்ட்ஸ். சென்டரும் (வசனம் வர்ற நடு ஸ்பீக்கர்) பின் ஸ்பீக்கரும் கடைசி. சென்டர் வாங்குற வரைக்கும் ரிசீவர் மெனுவில் சென்டர் இல்லைன்னு வைக்க மறக்காதீங்க. இருக்குன்னு விட்டா, பாட்டும் வெடிச்சத்தமும் கேக்கும், வசனம் மட்டும் காணாமப் போயிடும்.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் சுத்தக் காப்பர் போதும். மலிவா வர்றதில் நிறைய அலுமினியத்துக்கு மேல காப்பர் பூச்சு. ஒரு இழையைக் கத்தியால சுரண்டுங்க, உள்ளே வெள்ளையா தெரிஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க.

மின்கம்பி

உறுமலுக்குக் காரணம் பெரும்பாலும் கேபிள் டிவி வயர். செட்டாப் பாக்ஸிலிருந்து அந்த ஒரு கோஆக்சியல் வயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் கிரவுண்ட் லூப். தெருவிலிருந்து வரும் வயரின் ஷீல்டுக்கும் உங்கள் வீட்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் ஆக்ஸ் வயர் வழியாக ஆம்புக்குள் நுழைகிறது. ஆப்டிகலுக்கு மாறினாலே போய்விடும், அதில் உலோகத் தொடர்பே இல்லை.

ஆனால் இடி மின்னலுக்கு அது காவல் இல்லை. கோஆக்சியலில் வரும் சர்ஜ் (திடீர் மின் பாய்ச்சல்) செட்டாப் பாக்ஸ், அதன் எச்டிஎம்ஐ வழியாக டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டையே கொண்டுபோகும். ஸ்பைக் கார்டு கரண்ட் லைனை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். எர்த் சரியில்லாத பிளக்கில் அதுவும் அலங்காரம்தான். மழை மேகம் திரண்டால் கோஆக்சியலைக் கழற்றி வையுங்கள்.

காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. சுவரில் முக்கால் இன்ச் பைப் ஏற்கெனவே போட்டிருக்கு, சுமார் 6 மீட்டர், ரெண்டு வளைவு. அதில் ஆப்டிகல் போகுமா? பென் டிரைவ் படங்களில் நிறைய டிடிஎஸ் ஒலி (டால்பி மாதிரி இன்னொரு ஒலி வடிவம்), அது வருமா?

மின்கம்பி

ஆப்டிகல் முனை சின்னது, போகும். வயர் இழுக்கும் ஸ்பிரிங் விட்டு, முனையை டேப் சுற்றிக் கட்டி மெதுவாக இழுங்கள். சுருக்கென்று மடிந்தால் உள்ளே இழை உடையும், வெளியே தெரியாது. சுவருக்குள் போட்டு மூடுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எச்டிஎம்ஐ முனை இந்தப் பைப்பின் வளைவில் திரும்பாது. பின்னாளில் ரிசீவர் வாங்கும் எண்ணம் இருந்தால் டிவி மாட்டும் இப்போதே 40 மில்லிமீட்டர் பைப் ஒன்றைப் புதைத்துவிடுங்கள். 230 வோல்ட் வயரை எதிலும் கூட விட வேண்டாம்.

ஒலிப்பெட்டி

டிடிஎஸ் டிவியைப் பொறுத்தது. சாம்சங் 2018 முதல் டிடிஎஸ்ஸை விட்டுவிட்டது, எல்ஜியின் 2020 முதல் 2022 வரையான மாடல்களிலும் இல்லை. அந்த மாதிரி டிவியில் படம் ஓடும், சத்தம் வராது. வாங்கும் முன் உங்கள் பென் டிரைவையே கடைக்கு எடுத்துப் போய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வாங்கியபின் தெரிந்தால், கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் கொண்டு வீடியோவை அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் ஏசி3 (டால்பி டிஜிட்டல்தான்), 640 கேபிபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். படத்தின் தரம் துளியும் குறையாது, ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.